சுவருக்குப் போட்ட மழைக்கோட்டு

இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் தெருவில் வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள் ஏழெட்டு உண்டு. சிமென்ட் பூசியது வில்ஃப்ரெட் பிளோமன் வீடு ஒன்றுதான்.

ஓக் மரச்சட்டம், இடையில் குச்சி முடைந்து, சாணியும் களிமண்ணும் அப்பிய சுவர். மே மாதம் பிறந்தால் வில்ஃப் ஏணியில் ஏறிச் சுண்ணாம்பு அடிப்பார். அவர் மனைவி எனிட் ஏணியைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் இறந்த வருடம் அவர் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, மரச்சட்டமே வெளியே தெரியாதபடி சிமென்ட் பூசிவிட்டார். இனி ஏணி வேண்டாம், பிடிக்க ஆளும் வேண்டாம். எங்களில் யாரையும் அவர் கேட்கவில்லை. எதிர்வீட்டில் இருக்கும் நானும் போய் நிற்கவில்லை.

ஒன்பதாம் வருடம் வாசல் கதவு மூட மறுத்தது. தச்சர் தர்லோ வந்து மூலையில் சிமென்ட்டைப் பெயர்த்தார். சுவருக்கு அடியில் கிடந்த ஓக் கட்டைக்குள் அவர் விரல் ஊறிய கேக்கில் போவதுபோல் போனது.

“சுவருக்கு ரெயின்கோட்டு மாட்டி விட்டிருக்கீங்க. வேர்வை எங்க போகும்?”

“மழை உள்ள வரக்கூடாதுன்னு பூசினேன்.”

“வந்தது வெளிய போக வேணாமா? மூணு மாசம் வீட்டைக் காலி பண்ணுங்க, பெரியவரே.”

“அண்ணன் பொண்ணு முதியோர் இல்லத்துல கட்டில் பாத்து வெச்சிருக்கா. வெளிய போனா அங்கதான். திரும்ப விடமாட்டா.”

தர்லோ தலையைச் சொறிந்தார். “சரி, இருங்க. ஜாக்கி வெச்சுத் தூக்கறேன். குளிருதுன்னு எங்கிட்ட புலம்பக் கூடாது.”

செப்டம்பரும் அக்டோபரும் வில்ஃப் மேல்கோட்டோடு சமையலறையில் தூங்கினார். சுவரில் மண் உதிர்ந்த பக்கம், தெருவில் போகிறவர்கள் குச்சிகளின் இடைவெளியில் எட்டிப் பார்த்து, “என்ன வில்ஃப், டீ ஆச்சா?” என்றார்கள். முதல் வாரம் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். அப்புறம், “ஆச்சு, ஆச்சு” என்று பதில் வந்தது.

புதுக் கட்டை நுழைந்தது. மிச்ச சிமென்ட்டையும் உரித்துவிட்டுக் களிமண் அப்பினார்கள். தெரு பழையபடி வெளியே போனது.

“வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கணும்” என்றார் தர்லோ, கிளம்பும்போது. “விட்டீங்கன்னா அடுத்த தடவை நான் வரமாட்டேன். அண்ணன் பொண்ணுதான் வருவா.”

மே மாதம் வில்ஃப் என் கதவைத் தட்டினார்.

“மார்ஜரி, ஏணி பிடிக்கத் தெரியுமா உனக்கு?”

“பிடிச்சதில்ல.”

“கீழ நின்னா போதும். விட்ட இடத்தைச் சொல்ல வேணாம்.”

நின்றேன். ஜன்னலுக்கு மேலே கையகல இடம் விட்டுப்போயிருந்தது. நான் சொல்லவில்லை. இறங்கி நிமிர்ந்து பார்த்தவர், அந்த இடத்தைத் தானே கண்டுகொண்டார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.