நைனாவின் ஸ்க்ரூ ஸ்பேனர்

பழைய ஸ்க்ரூ ஸ்பேனரை எங்கே பார்த்தாலும் முதலில் அதன் வாயைத் திறந்து மூடும் திருகை உருட்டிப் பார்ப்பேன். சீமைச் சரக்கில் சிலது நம் கை வழக்கத்துக்கு நேர்மாறாகத் திறக்கும். பிறகு பிடியில் எழுத்தைத் தேடுவேன். எழுத்து இல்லையென்றால் கீழே வைத்துவிடுவேன்.

என் நைனா ஆரணியில் நெல் மில் ஃபிட்டர். அவர் போனபின் எனக்கு மிஞ்சியது அப்படி ஒரு ஸ்பேனர்தான். பிடியில் சீமைக் கம்பெனியின் பெயர், பக்கத்தில் அவர் பஞ்ச் வைத்து அடித்த மூன்று புள்ளி. எழுபதுகளின் நடுவில் எனக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, சாமி முன்னால் துருவோடு வைப்பதா என்று அதை எமரிச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கினேன். எழுத்தும் போயிற்று, புள்ளியும் போயிற்று. புத்திகெட்டவன், அப்போது சந்தோஷப்பட்டேன்.

பூஜையில் வைத்த சாமானால் மறுநாள் ஒரு வேலையாவது செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பையில் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே போகும்போது கேட்டில் எழுதிவைக்க மறந்துவிட்டேன். சாயங்காலம் வெளியே வரும்போது வாட்ச்மேன் பையைத் துழாவினார். கம்பெனியின் சாமான் ஸ்டோரிலும் அதே சீமைச் சரக்கு இருந்தது, அதே மாதிரி நேர்மாறாகத் திறப்பது. எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது.

"இது எங்க நைனாவோடது சார். மூணு புள்ளி வச்சிருந்தாரு."

மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கப்பா புள்ளி?"

"பூஜைக்குத் தேச்சிட்டேன் சார்."

ஸ்டோர்கீப்பர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கம்பெனியோடது, தெரியாம பையில வந்துடுச்சின்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு. வேலையாவது மிஞ்சும். ரெண்டு கொயந்தைங்கள வச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

எழுதிக் கொடுத்தேன். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

"மாமாவோட ஸ்பேனர் எங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"கம்பெனில இருக்குது" என்றேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் என் பித்தளை டோக்கனை ஸ்டோர் ஆணியில் மாட்டிவிட்டு அந்த ஸ்பேனரை வாங்குவேன். சாயங்காலம் துடைத்துக் கொடுத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொள்வேன். அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் எல்லா ஸ்பேனரிலும் கம்பெனி நம்பர் அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஸ்டோர்கீப்பர் சுத்தியலோடு உட்கார்ந்தார். அடிக்கும்போது நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்.

நான்தான் பிடித்துக்கொண்டேன்.