ஓடாமல் தேய்ந்த மோட்டார்

"கற்பூரம் அணைக்கறது உங்க வழக்கம் இல்ல. சரி, மாதா கோயிலுக்கு வா. மெழுகுவத்தி மேல கை வச்சி 'நான் எடுக்கல'ன்னு ஒரு வார்த்த சொல்லு. அதோட வுட்டுடறோம்" என்றார் சங்கத் தலைவர் ராஜ்மோகன்.

"மாட்டேன்" என்றாள் ஆனி மேரி.

மோட்டார் கொட்டகை வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வில்லியனூருக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் வரப்புத் தகராறானாலும் கோழி காணாமல் போனாலும் சத்தியத்தில்தான் முடியும். சத்தியம் செய்தவரை அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. செய்ய மாட்டேன் என்று சொன்ன ஆளை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

ஆனி மேரி மடுகரையில் பிறந்தவள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்குச் சேர்ந்தபோது வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் பெண். "ஸ்பேனர் புடிக்கிற கைக்கு எவன்டி வளையல் போடுவான்?" என்று கேட்ட சித்தப்பாவிடம், "நானே வாங்கிப் போட்டுக்கறேன், நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சகாய சுரேஷைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த பிறகு, கூட்டுக் குழாய்க்கிணற்றுச் சங்கத்தில் மோட்டார் போடும் ஆள் வேலையை விட்டுப் போனார். அந்த வேலையைக் கேட்டுப் போய் நின்றாள். "பொம்பளயா?" என்று இழுத்தார்கள். "போட்டா ஓடப் போவுது. அதுக்கு இன்னா ஆம்பள பொம்பள?" என்றாள். அன்றிலிருந்து ஊர் வயல்களுக்கு அவள் கையால்தான் தண்ணீர்.

இரண்டு வருஷத்துக்கு முன் சங்கம் இன்னொரு மோட்டார் வாங்கியது. பழையது இருந்த அதே இரும்புச் சட்டத்தில் அதன் பக்கத்திலேயே புதியதையும் போல்ட் போட்டு முடுக்கினார்கள். "பழசு மூச்சு வுடற வரைக்கும் புதுச தொடக் கூடாது" என்று எல்லோரும் கூடி முடிவெடுத்தார்கள். ஆனி மேரியும் தலையாட்டினாள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே துண்டு போர்த்தி, நிச்சயம் முடிந்த பெண்ணைப் போல அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். பழையது பக்கத்தில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் நெல் பால் பிடிக்கும் நேரம் பார்த்துப் பழையதன் செம்புக்கம்பிக் காயில் எரிந்தது. துண்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். மாவு மில்லில் கல் விழுந்தது போல அது அலறியது. உடனே நிறுத்தினாள். வில்லியனூரில் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் குணா வந்து, அதைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்றான். பழைய மோட்டாருக்கு அவசரமாகக் காயில் கட்டிக் கொடுத்தான். பயிர் தப்பியது. ஆனி மேரி தப்பவில்லை.

"ஓடாத மோட்டார்ல பேரிங் எப்டிப் போவும்? ஆனி மேரி புதுச கழட்டி வித்துட்டு, எங்கியோ கெடந்த பழச மாட்டிட்டா" என்று ராஜ்மோகன்தான் முதலில் சொன்னார்.

வீட்டில் சுரேஷும் கெஞ்சினான். "நீ எடுக்கலன்னு மாதாவுக்குத் தெரியும்ல? போய் சொல்லிட்டு வந்துடேன்."

"அவங்களுக்குத்தான் தெரியுமே, அப்புறம் இன்னாத்துக்குச் சொல்லணும்? சத்தியம் பண்ணா பாதிப் பேரு நம்புவான். மீதிப் பேரு, மாதாகிட்டயே பொய் சொன்னவன்னு பேசுவான்."

மறுநாள் காலை பழைய மோட்டாரைப் போட்டுவிட்டு, ஆத்திரத்தில் புதியதன் மேல் கையை ஊன்றி நின்றாள். உள்ளங்கை கூசியது. கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஓடாத மோட்டார் நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டம் வழியாகப் பழையதன் அதிர்வு அதற்குள் ஏறிக்கொண்டிருந்தது.

குணாவுக்குப் போன் போட்டு, நடுக்கத்திலேயே பேரிங் போகுமா என்று கேட்டாள்.

"ஆமாக்கா, லாரியில தூரத்துலேர்ந்து வர்ற மோட்டாருக்கே அப்டி ஆவறது உண்டு" என்றான் அவன். "சுத்துனா கிரீஸ் பரவும். நின்ன எடத்துலயே நடுங்கிக்கினு இருந்தா, பேரிங் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவுல கிரீஸ் விலகிடும். இரும்பும் இரும்பும் மயிரிழ உரசி உரசியே குழி வுழும். செவப்பா பொடி உதிரும். ஆனா உன்னுதும் அதுதானான்னு தொறந்தாத்தான் தெரியும். தொறந்து பாக்கறியா?"

"தனியா தொறந்தா, நானே ஏதோ பண்ணிட்டேன்னுவாங்க. சாயங்காலம் பேரிங் இழுக்கற புல்லர், இரும்பு அறுக்கற கிரைண்டர் எடுத்துக்கினு வா."

சாயங்காலம் மறுபடி எல்லோரும் கூடினார்கள். குணா எல்லோர் கண்ணெதிரே பேரிங்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"இத ரெண்டா அறுக்கப் போறேன்" என்றாள் ஆனி மேரி. "ஓடித் தேஞ்ச பேரிங்னா உள் வளையம் சுத்து முழுக்கத் தேஞ்சிருக்கும். அப்ப நான் திருடிதான், இன்னா வேணா பண்ணுங்க. குண்டு குந்தியிருந்த எடத்துல மட்டும் குழி இருந்தா, இது ஓடவே இல்ல. அப்ப தலைவரு பதில் சொல்லணும்."

சுரேஷ் அவள் முந்தானையை இழுத்தான். அவள் கையைத் தட்டிவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். பொறி பறந்தது. வெளி வளையம் இரண்டாகப் பிளந்ததும், உள்ளே கிரீஸ் காவிக் குழம்பாக இருந்தது.

"துருதானே இது? தண்ணி பூந்திருக்கு" என்றார் ராஜ்மோகன்.

"தொடைங்க. நீங்களே தொடைங்க."

அவர் தன் தோள் துண்டாலேயே துடைத்தார். உள் வளையத்தில் குண்டுக்கு ஒன்றாக, சரிசமமான இடைவெளியில், சின்னச் சின்னக் குழிகள். குழிக்கும் குழிக்கும் நடுவே இரும்பு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களும் வாங்கிப் பார்த்தார்கள்.

"சரி, யாரும் எடுக்கல. வுடு, ஆவ வேண்டியத பாப்போம்" என்றார் ராஜ்மோகன் கடைசியில்.

"'யாரும்' இல்ல தலைவரே. திருட்டுன்னா மட்டும் ஆனி மேரி, எடுக்கலன்னா 'யாரும்' எடுக்கலியா? பேர சொல்லுங்க."

"ஆனி மேரி எடுக்கல" என்று அவர் முனகினார்.

"எனக்குக் காது மந்தம் தலைவரே, ஒண்ணும் வுழல!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து கிழவி தையலம்மாள் குரல் கொடுத்தாள். சிரிப்பு கிளம்பியது. ராஜ்மோகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மடை திறக்கச் சொல்லிக் கூப்பிடும் குரலில், இன்னொரு தடவை சொன்னார்.

ஆனி மேரி கையைத் துடைத்துக்கொண்டாள். "தொடக் கூடாதுன்னு நீங்க சொன்னப்ப நானும் தலையாட்டுனேன். இனிமே ஆட்ட மாட்டேன். புதுசுக்குத் தனியா மேடை கட்டணும். ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டணும்."

"பாத்துக்கலாம்மா, அறுப்பு முடியட்டும்."

"நிதானமா பாருங்க. கொத்தனாரு வர்ற வரைக்கும் மோட்டார நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வரப்பில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் கொத்தனார் வந்தார்.