அவர் தோளும் என் கையும்

என் கணவருக்குத் தோள்வலி வந்தது எங்கள் கல்யாணம் முடிந்த மூன்றாவது மாதம். கல்யாணத்துக்கும் வலிக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். முடிச்சு இருந்தது. அந்த முடிச்சே நான்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு பேருக்கும் வேலை. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போவோம், சாயங்காலம் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்புவோம். சேலையோடு ஒருபக்கமாக உட்காருவதால் போகும்போது எனக்கு முழுக்க மலை, வரும்போது முழுக்கப் பருத்திக் காடு. அவருக்குப் பாவம், எப்போதும் முன்னால் போகிற லாரிதான்.

அந்த இருபத்துநான்கு கிலோமீட்டர்தான் எங்கள் குடித்தனம். வீட்டில் இருந்தது இரண்டே அறை. மாமனார், அத்தை, இரண்டு கொழுந்தன்மார், ஒரு நாத்தனார், பிறகு நாங்கள். பகலில் புருஷனோடு நின்று பேசினால் அத்தை தொண்டையைச் செருமுவார். ராத்திரி பேசினால் மாமனார் செருமுவார். ஸ்கூட்டரில் மட்டும்தான் செரும ஆளில்லை. அதில் நாங்கள் என்ன பெரிதாகப் பேசிவிட்டோம்? எங்கள் ஹெட்மாஸ்டர் பிரேயரில் தும்முவதை நடித்துக் காட்டுவேன். அவர் சிரிப்பார். அவர் சிரித்தால் வண்டி ஆடும். வண்டி ஆடினால் எனக்குப் பயம். பயம் வந்தால் அவருடைய வலது தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பயம் வராதபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், இப்போது சொல்வதற்கு என்ன.

பங்குனியில் ஒருநாள் அவரால் கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. அத்தை நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். பிறகு தானே காய்ச்சிய ஒரு தைலத்தைத் தேய்த்தார். அந்த வாடைக்கு வலியே ஓடியிருக்க வேண்டும், ஆனால் நாங்கள்தான் ஓடினோம். எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துக் கட்டிவிட்டார். மறுநாள் காலையில் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாய்கள் சத்திரப்பட்டி விலக்கு வரை எங்களை விரட்டின. நான் கட்டின் மேலேயே இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "எலும்பு தங்கமா இருக்கு. வண்டி ஓட்டுறத மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்க" என்றார். வெளியே வந்ததும் கால் கிலோ பால்கோவா வாங்கித் தின்று, டாக்டர் சொன்னதை வீட்டில் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஆனால் அத்தைக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு ஈ பறக்காது.

"ஆடி முடியட்டும்" என்றார் அத்தை. "ஆவணி ஒண்ணாந்தேதிக்குள்ள வலி தீரணும். இல்லேன்னா வண்டிய சின்னவன் ஓட்டட்டும். நீங்க ரெண்டு பேரும் பஸ்ல போங்க."

பஸ்ஸில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். நடுவில் நாற்பது பேர், கூடைகள், கண்டக்டர். என் குடித்தனம் அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை வெங்காயத்தின் மேல் போட்டுச் சமாளித்தேன்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அம்மா வீடு கிருஷ்ணன்கோவில். அங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வந்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது அத்தை வாசலிலேயே நின்றார்.

"பத்து நாளா வலின்னு ஒரு வார்த்த சொல்லல அவன். என் தைலம்னா தைலம்தான்!"

எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. மறுநாள் மலையைப் பார்த்துக்கொண்டே போனேன், பருத்தியைப் பார்த்துக்கொண்டே வந்தேன், பத்து நாள் தும்மலையும் சேர்த்து நடித்தேன். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் கையை நான் பார்த்தேன். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு விளங்க இத்தனை மாதமாயிற்று.

அடுத்த இரண்டு நாள் பின்னால் இருந்த ஸ்டெப்னி டயரைப் பிடித்துப் பார்த்தேன். முதல் நாள் வெயிலில் சுட்டது. இரண்டாம் நாள் ஒரு பள்ளத்தில் விழப் பார்த்தேன். மூன்றாம் நாள் கை தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால், "அப்போ நீ பஸ்ல போம்மா" என்று அத்தை ஒரே வரியில் தீர்த்துவிடுவார். சொல்லாவிட்டால் வலி தீராது, ஆவணியில் வண்டி போய்விடும். எப்படிப் போனாலும் பஸ்தான். பகலில் தோளைக் கசக்குவதும் சாயங்காலம் அதே தோளுக்குத் தைலம் தேய்ப்பதுமாகப் பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது, தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வழி சொன்னார். "தேவதானத்துல ஒரு பட்டாளத்துக்காரர் இருக்காரு, அம்மாயி. கால் முன்னால பொறந்தவரு. அவரு காலால தடவுனா எந்தச் சுளுக்கும் போயிரும்." ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வழியெல்லாம் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.

ஆறடி உயரம், வெள்ளை மீசை, பனியன். எங்களைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வாங்க. எங்காத்தா வயித்துல இருந்து கால மொதல்ல நீட்டுன ஒரு தப்புக்கு, அறுவது வருசமா ஊருச் சுளுக்கு பூரா எங்கிட்டதான் வருது. பட்டாளத்துலயும் விடல. படுங்க தம்பி."

இவர் நிலைப்படி ஓரம் குப்புறப் படுத்தார். பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலால் தோளை மூன்று முறை தடவினார். மூன்றாவது தடவலில் இவர் கூச்சம் தாங்காமல் மண்புழுவாக நெளிந்தார்.

"சிரிக்காத தாயி. சிரிச்சா சுளுக்கு ஏறிக்கிடும்" என்றார் பெரியவர் என்னிடம். அதற்குப் பிறகு யாரால் அடக்க முடியும்? முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

அதுவரை பார்த்த வைத்தியர்கள் ஒருவரும் தெருவுக்கு வந்து எங்களை வழியனுப்பியதில்லை. பெரியவர் வந்தார். இவர் வண்டியைக் கிளப்பினார், நான் ஏறினேன், தோளைப் பிடித்தேன்.

"நிப்பாட்டு!"

பரேடு மைதானக் குரல். வண்டி அணைந்தே போய்விட்டது.

"தாயி, அந்தக் கைய எடு."

"எந்தக் கைய?"

"தம்பி தோள்ல பல்லி மாதிரி ஒட்டியிருக்கே, அந்தக் கைய. தெனமும் இப்பிடித்தானா? எம்புட்டு தூரம்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அம்புட்டு தூரம் இப்பிடிக் கசக்குனா, நான் மிதிச்சு என்ன, ஆனை மிதிச்சாலும் தீராது."

சிரிப்பெல்லாம் வடிந்து கண்ணில் நீர் முட்டியது. "அப்போ நான் இனிமே பஸ்லயே போயிருதேன், ஐயா" என்றேன்.

"பஸ்ல ஏன் போற? இடுப்பு எதுக்கு இருக்கு? கையச் சுத்திப் போடு."

"ஊரு பாக்குமே!"

"பாக்கட்டும். வைத்தியம்னு சொல்லு. கால் முன்னால பொறந்தவன் ஆர்டர்னு சொல்லு."

சேத்தூர் தாண்டினோம். மலை என் பக்கம் இருந்தது. என் கை அவர் இடுப்பைச் சுற்றி, என்ன செய்வதென்று தெரியாமல், முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. இனியும் மறைக்க முடியாது என்று தோன்றியது.

"ஏங்க, எனக்கு முன்னாலேயே தெரியும். என் கையாலதான் வலின்னு."

வண்டி ஆடத் தொடங்கியது. சிரிக்கிறார்.

"எனக்கும் தெரியும்ட்டி."

"எப்போ இருந்து?"

"நீ ஆடிக்குப் போயிருந்தேல்ல, அப்பவே."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கைய எடுத்திருவேல்ல."

அவர் முதுகில் நெற்றியை ஒரு தடவை முட்டினேன், அவ்வளவுதான். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை உருவப் பார்த்தேன். வலிக்கிற கையின் முழங்கையாலேயே அவர் அதை அமுக்கிக்கொண்டார். டீக்கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எங்கள் தெருவும் பார்த்தது. வாசலில் நின்ற அத்தையும் பார்த்தார். தெருமுனை வரை கேட்கும்படி ஒரு செருமல் வந்தது.

"வைத்தியம், அத்தை" என்றேன் தரையைப் பார்த்து. "தேவதானத்துப் பெரியவர் சொல்லியிருக்காரு. தோளப் பிடிக்கக் கூடாதாம்."

"எத்தன வேளையாம்?"

"காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, அம்மா" என்றார் இவர், வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே.

ஆவணி முதல் தேதி வந்தது. முந்தின நாளே சட்டையைத் தானே மாட்டிக்கொண்டார். வண்டி எங்களிடமே தங்கியது. அன்று காலையில் நான் ஏறி உட்கார்ந்து, தெருவுக்குப் பயந்து, அவர் சட்டை நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். கையில் தைலக் கிண்ணத்தோடு அத்தை படியிறங்கி வந்தார்.

"ஏம்மா, வைத்தியத்துல அரைகுறையே ஆகாது" என்றார். "கைய நல்லாச் சுத்திப் போடு. இல்லேன்னா வலி திரும்பிரும்."

பிறகு தெரு முழுவதும் பார்க்க, என் கையை அவரே எடுத்து மகனின் இடுப்பைச் சுற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.