வலிக்கு மட்டும் ஒரு குரல்

“சார், அவளைக் கொஞ்சம் மெதுவா சாகச் சொல்லுங்க.”

முன்மேசையை ஒட்டிக் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கும் மனிதர் திடுக்கிட்டுத் தன் கைப்பேசியின் சத்தத்தைக் குறைக்கிறார். அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. பல் பிடுங்க வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் மருத்துவரின் மூடிய கதவையே வெறிக்கிறார்கள். சற்றுமுன் கேட்ட பெண்ணின் அலறல் கைப்பேசியிலிருந்து வந்ததா, உள்ளேயிருந்து வந்ததா என்று அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு பெரியவர் மெல்ல எழுந்து, “இப்ப வலி தேவலாம்மா, நாளைக்கு வரேன்” என்று நழுவுகிறார்.

டோக்கன் அக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்தவருக்காக மணியடிக்கிறார். அந்தப் பல் மருத்துவமனையின் முன்மேசை அவருடையது. டோக்கன் கொடுப்பதும், பெயர் கூப்பிடுவதும், பயந்தவர்களைச் சமாதானம் சொல்லி உள்ளே தள்ளுவதும் அவர் வேலை. ஐம்பதை எட்டப்போகும் வயது. கழுத்தைச் சுற்றி எந்நேரமும் ஒரு பருத்தித் துணி. கைக்கெட்டும் தூரத்தில் வெந்நீர் பிளாஸ்க். குரலில் பாதி காற்று. கூப்பிட்டால் முதல் வரிசைக்கே எட்டாது என்பதால்தான் மணி.

கைப்பேசியில் செத்தவள் கந்தகி. வீடியோ கேம் நாயகி. இடுப்பில் வாளோடு எரிமலைகளுக்கு நடுவே தாவித் திரிகிறவள். புத்தகப் பைகளிலும் தலையணை உறைகளிலும் தண்ணீர் பாட்டில்களிலும் அவள்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் படம் போட்ட டூத்பிரஷ்ஷை மருத்துவமனையில் விற்பவரே டோக்கன் அக்காதான். ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடாதவர்களும், மலை உச்சியிலிருந்து விழும்போது அவள் போடும் நீண்ட அலறலை அறிவார்கள். மனைவி கூப்பிட்டால் மட்டும் அந்த அலறல் ஒலிக்கும்படி கைப்பேசியில் வைத்திருக்கும் ஒருவரை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் பல் மருத்துவர்.

அந்த அலறல் டோக்கன் அக்காவுடையது.

கந்தகியின் வசனங்களைப் பேசியவர் பெயர்பெற்ற ஒரு நடிகை. ஆனால் அலறித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. அக்காவின் சொந்தத் தம்பி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ஒருநாள் வீட்டுக்கு வந்தான்.

“வசனம் பேச ஆள் இருக்குக்கா. வலி மட்டும்தான் வேணும்.”

“அது என்கிட்ட நிறைய இருக்கே,” என்று அக்கா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஞ்சு அடைத்த சுவர்களுக்கு நடுவே ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி. “இப்ப தண்ணியில மூழ்குற. இப்ப அம்பு பாயுது. இப்ப முதலை கடிக்குது.”

“எங்கடா கடிக்குது?”

“எங்கயோ கடிக்குது, நீ கத்து.”

“எங்கன்னு தெரியாம எப்படிடா கத்துறது?”

கடைசியில் இடது கால் என்று முடிவானது. மலையிலிருந்து விழும் அலறலை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச்சே இல்லை. “வீடு இவ்ளோ நிம்மதியா இருந்து நான் பாத்ததேயில்ல” என்று கணவர் சொன்னதற்குப் பதில் சொல்லவும் முடியவில்லை.

கந்தகி புகழ் பெற்றதும் நிம்மதி இழந்தவர் கணவர்தான். அவர் பார்சல் வண்டி ஓட்டுபவர். “கந்தகி என் உள்ளத்திலிருந்து பிறந்தவள்” என்று அந்த நடிகை பேட்டி கொடுத்தபோது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். “உள்ளத்துல இருந்து வந்துச்சாமே! தொண்டையில இருந்து வந்தது யாருது?” முடிவெட்டும் கடையில் உண்மையைப் போட்டு உடைத்தார். கடைக்காரர் கத்தரியை நிறுத்தவே இல்லை. “தலையை ஆட்டாதீங்கண்ணே. போன மாசம் ஒருத்தர், அந்த கேம்ல வர்ற குதிரை தன்னோட மாமான்னு சொல்லிட்டுப் போனாரு.”

பிறகு அக்காவுக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் மட்டும் கொஞ்சம் மாறலாம் என்றார்கள். கொஞ்சம் என்பது அவர்கள் கணக்கு. கண் விழித்து, “தண்ணி” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கணவர், “என்னது?” என்று குனிந்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் குனிகிறார்கள். அக்காவுக்குத் தன் பழைய குரலைக் கேட்க வேண்டுமென்றால் யாராவது கந்தகியைக் கொல்ல வேண்டும். காத்திருப்பு அறையில் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் அலறல் முடியும்வரை காத்திருப்பதை யாரும் கவனித்ததில்லை.

சென்ற வருடம் தம்பி ஏதோ ஒரு நேர்காணலில் வாய்தவறி, “கத்தினது எங்க அக்கா” என்று சொல்லிவிட்டான். அடுத்த வாரமே கந்தகி ரசிகர் மன்றத்தார் பல்வலி இல்லாமலே வந்து டோக்கன் வாங்கினார்கள்.

“நீங்கதானா அது? எங்க, ஒரே ஒரு தடவை கத்திக் காட்டுங்களேன்.”

“ஆபரேஷன் ஆயிடுச்சும்மா. இப்ப கத்த வராது.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அக்காவுக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லிப் பொய்க்காரி ஆனது அதுவே முதல் தடவை. இருந்தாலும் மரியாதைக்காக ஆண்டுவிழாவுக்கு அழைத்தார்கள். அக்கா வேண்டாம் என்றார். “முடிவெட்டுற கடைக்காரனையும் கூட்டிட்டுப் போறேன், நீ கிளம்பு” என்றார் கணவர்.

விழா அரங்கம் முழுக்கக் கந்தகிகள். ஒல்லிக் கந்தகி, தொப்பைக் கந்தகி, மீசை வைத்த கந்தகி, கைக்குழந்தையோடு ஒரு கந்தகி. அட்டை வாள் எல்லோரிடமும் இருந்தது. மேடையில் ஏறிய ஒரே புடவை டோக்கன் அக்காவுடையது. தொகுப்பாளர் மைக்கை நீட்டினார்: “மலையில இருந்து விழுற சத்தம், ப்ளீஸ்!”

அக்கா மைக்கில் ஏதோ சொன்னார். காற்றுத்தான் கேட்டது. கழுத்துத் துணியை விலக்கித் தழும்பைத் தொட்டுக் காட்டினார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “யாரையோ கூட்டிட்டு வந்து ஏமாத்துறாங்கப்பா!” சிரிப்பு எழுந்தது. முடிவெட்டுபவர் நாற்காலியில் நெளிந்தார். கணவர் எழுந்து, “எவன்டா அது?” என்று திரும்பினார்.

நிலைமையைச் சமாளிக்கத் தொகுப்பாளர் கைகாட்ட, பெரிய திரையில் கந்தகி மலை உச்சியில் தோன்றினாள். கால் வழுக்கியது.

அலறல் கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அக்கா மூச்சை இழுத்துவிட்டார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, அரங்கம் அதிர்ந்த அந்த நீண்ட சத்தத்தின் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றுக்கும் அவர் தோள்கள் ஏறி இறங்கின. முன்வரிசைக்காரர்கள் அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் எல்லோர் கண்ணும் திரையில் இருந்தது. கந்தகி தரையில் மோதினாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. கந்தகிகள் அட்டை வாள்களைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கணவர் மட்டும் திரைக்கு முதுகு காட்டி, மனைவியைப் பார்த்தபடி கைதட்டிக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க நின்ற டோக்கன் அக்கா அண்ணாந்து திரையைப் பார்த்தார். பிறகு கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் கைதட்டினார்.