லொறிக்கு முன்னால் நின்றவள்

என் மனைவி தெய்வானையின் நோய் முதலில் வெளியே தெரிந்தது ரோட்டில்தான். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் அதற்கு முன்னால் நின்றாள். சாரதி பிரேக் போட்டு இறங்கி வந்து கத்தினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. லொறியின் பின்பக்கம் போய் ஏறப் பார்த்தாள்.

அந்த வாரத்தில் மூன்று முறை அப்படி நடந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, தலை வாரவில்லை. கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தேன். கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன்.

அறுபதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் இரண்டாம் கிளாக்கர் (எழுத்தர்). பதுளையில் ஆங்கிலம் படித்தவன். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையோடு அவர் மொழியிலேயே பேச முடிந்ததில் எனக்குப் பெருமை உண்டு. தெய்வானை பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான்.

லொறிக்கு முன்னால் போய் நிற்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்து, அன்றே இறந்தது. அது எப்படி நடந்தது என்பதை டாக்டரிடம் நான் மறைத்தேன். அந்தத் தவறுக்காகவே இதை எழுதுகிறேன். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகப் பேசுகிறவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

பதுளை ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் இளம் சிங்கள டாக்டர். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். கஷ்டம் என்னவென்று அவளையே சொல்லச் சொல்லுங்கள் என்றார். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"புள்ள ஒரு தடவ அழுதுச்சுங்க ஐயா. நோவு கண்டதுமே தொரைகிட்ட லொறி கேளுங்கன்னு இவருகிட்ட சொன்னேன். இவரு கேக்கல. கேட்டிருந்தா புள்ள இருந்திருக்கும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். செத்துப்போன குழந்தை அழுவது காதில் கேட்கிறது என்கிறாள் என்றேன். எல்லோரும் தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்கிறாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

தெய்வானை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் லொறி என்பது அவளுக்குத் தெரிந்த சொல். தாழ்வாரத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"லொறின்னு நீங்க சொல்லவே இல்லையே?"

மருந்து வாங்கும் இடம் எங்கே என்று யாரிடமோ விசாரிக்கப் போனேன்.

குழந்தை பிறந்த அன்று நடந்தது இதுதான். பகல் ஒரு மணிக்குத் தோட்டத்து மருத்துவச்சி வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். லொறி பெக்டரி வாசலில்தான் நின்றது. துரை சாப்பிட்டுவிட்டுப் பங்களாவில் படுத்திருந்தார். அந்த நேரத்தில் அவரை யாரும் எழுப்பமாட்டார்கள். பெரிய கிளாக்கர் வேலை காலியாகப் போகிறது என்ற பேச்சு வேறு இருந்தது. நாலு மணிக்குத் தேநீருக்கு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பங்களாப் படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். தெய்வானை இரண்டு முறை ஆளனுப்பினாள்.

நாலு மணிக்குக் கேட்டேன். துரை உடனே லொறியைக் கொடுத்தார். "ஏன் எழுப்பவில்லை?" என்று என்னைத் திட்டவும் செய்தார். நான் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் வழக்கப்படி ஆண்கள் நாலு பேர் போய், மலைக்காட்டின் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தோம். அவளுக்கு முகத்தைக் காட்டவில்லை. பச்சை உடம்புக்காரி, பார்க்கக்கூடாது என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

டாக்டர் எழுதியது மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பது, பிறர் தனக்குத் தீங்கு செய்வதாக நம்புவது போன்ற குறிகள் உள்ள நோய்). நான் சொன்னதை வைத்து யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதம் இருந்தாள். மின்னதிர்ச்சிச் சிகிச்சை (தலை வழியாகச் சில நொடி மின்சாரம் செலுத்துவது) கொடுத்தார்கள். தோட்டத்தில், தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். போய்ப் பார்த்தது இரண்டே முறை.

அவளுக்கு நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. தூக்கத்தை மருந்துதான் திருப்பிக் கொடுத்தது. நான் பொய் சொன்னது அந்த நோய் எப்படி வந்தது என்பதில்.

திரும்பி வந்தவள் லொறிச் சத்தம் கேட்டாலும் அசையவில்லை. மாதம் ஒருமுறை பதுளையில் ஊசி (சதையில் போடுவது, மருந்து மெதுவாக மாதம் முழுவதும் உடம்பில் இறங்கும்). கை நடுங்கியது. முகம் இறுகியது. காலை இழுத்து நடந்தாள். இவை மருந்தின் பக்கவிளைவுகள் (மருந்தே உண்டாக்கும் தொல்லைகள்) என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மனைவி எப்படியிருக்கிறார் என்று டாக்டர் ஒவ்வொரு மாதமும் கேட்பார். நல்ல சுகம் என்று நான் சொல்வேன். தெய்வானை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஊசியைக் குறைத்துவிட்டால் அவள் பேசத் தொடங்குவாள் என்று எனக்குப் பயம்.

இதற்குள் நான் பெரிய கிளாக்கராகிவிட்டேன். பெக்டரியைப் பார்த்துக்கொண்ட டீமேக்கரின் மனைவி ஒருநாள் சொன்னாள்: "ஒங்க வூட்டம்மா இருக்கிற எடமே தெரியலங்க. குடுத்து வச்சவரு நீங்க." நான் சிரித்தேன்.

இப்படி ஒன்பது ஆண்டுகள் போயின. வெள்ளைக்காரத் துரைமார் போய்த் தோட்டம் அரசாங்கத்திடம் வந்தது. அந்தக் காலத்தில்தான் கிளினிக்கிலிருந்து ஒரு சமூக சேவை மிஸ் வீட்டுக்கு வந்தார். பரீதா என்று பெயர். பதுளைக் கடைவீதி முஸ்லிம் குடும்பத்துப் பெண். நோயாளிகளை வீட்டிலேயே பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் நடந்து வந்ததில் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவள் பேசமாட்டாள், என்ன வேண்டும் என்று என்னிடம் கேளுங்கள் என்றேன்.

"ஒரு பிளேன்டீ வேணும். அத அவங்ககிட்டதான் கேக்கணும்."

"கை நடுங்கும் மிஸ். சிந்திருவா."

"சிந்தினா சிந்தட்டுமே. ஐயாவுக்கு ஆபீஸ்ல வேலை இருக்கும்தானே? போயிட்டு வாங்க."

நான் போகவில்லை. வாசல்படியில் நின்றேன். உள்ளே கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. பிறகு தெய்வானையின் குரல்.

"நீங்க தமிழ் பேசுறீங்களே. அப்ப இவரு எதுக்கு?"

மிஸ் சிரித்தார். தெய்வானையும் சிரித்தாள். ஒன்பது ஆண்டுகளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

"எனக்கும் வாய் இருக்கு மிஸ். இங்கிலீசுதான் இவருகிட்ட இருக்கு."

அப்புறம் அவள் சொன்னாள். புள்ள ஒரு தடவ அழுதுச்சு. லொறி கேக்கச் சொன்னேன். இவரு கேக்கல. அதே சொற்கள், அதே வரிசை. எத்தனை ஊசி போட்டும் ஒன்றுகூட இடம் மாறவில்லை.

மிஸ் வெளியே வந்து குடை விரித்தார். "லொறி கதை கார்டுல எங்கேயும் இல்லையே ஐயா."

வைத்தியத்துக்குத் தேவைப்படாது என்று நினைத்ததாகச் சொன்னேன்.

"அத டாக்டர் பாத்துக்குவார். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அடுத்த கிளினிக் நாளில் மிஸ் தெய்வானையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். என்னைத் தாழ்வாரத்து வாங்கில் (மரப் பெஞ்சு) உட்கார வைத்தார். அந்த வாங்கில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும், பங்களாப் படியில் நின்ற மூன்று மணி நேரமும் எனக்கு ஒரே நேரமாகத் தோன்றின. கடைசியில் கூப்பிட்டார்கள். புதிய டாக்டர், வயதானவர். தெய்வானை சொன்னதை மிஸ் சொல்லியிருந்தார்.

"இது நடந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நடந்தது."

அவர் கோபப்படவில்லை. முதல் தாளிலிருந்து மெதுவாகப் புரட்டினார். பேற்றுக்குப் பின் வரும் மனநோயாக (பிள்ளை பெற்ற சில வாரங்களில் வருவது, பலருக்குச் சில மாதங்களில் முழுதாகக் குணமாகும்) இருந்திருக்கலாம் என்றார். அப்படியானால் இந்த ஒன்பது ஆண்டுகள் வேண்டியிருக்காதா என்று கேட்டேன். இப்போது அதைச் சொல்ல முடியாது என்று பைலை மூடினார்.

ஊசியைச் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். நடுவில் ஒருமுறை தூக்கம் கெட்டு, மூன்று வாரம் வார்டில் வைத்திருந்தார்கள். பிறகு படுக்கும்போது ஒரு குளிசை (மாத்திரை) மட்டும். ஓராண்டில் கை நடுக்கம் அநேகமாக நின்றது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களைக் கூட்டி உட்கார வைத்தார். தெய்வானை போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

என்னோடு அவள் தேவைக்குத்தான் பேசினாள். சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், அடுத்த அறையில் படுத்தாள். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஒருநாள் புதைத்த இடத்தைக் காட்டுங்கள் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். மலைக்காட்டின் ஓரத்தை வெட்டிப் புதுத் தேயிலை நட்டிருந்தார்கள். அன்று நாங்கள் வைத்த கல் எங்கும் இல்லை. எல்லாச் செடியும் ஒரே உயரத்தில் நின்றது. ஏதாவது ஒரு செடியைக் காட்டிவிடலாம் என்று கை எழும்பியது. அவள் என் வாயைப் பார்த்தாள், அன்று டாக்டர் அறையில் பார்த்ததைப் போல.

"எனக்குத் தெரியல தெய்வான."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இதையாவது உள்ளபடி சொன்னீங்களே" என்றாள். பிறகு அவளாக ஒரு செடியருகில் போய் உட்கார்ந்தாள். நான் ரோட்டோரம் காத்திருந்தேன்.

அதன் பின் ஐந்தாண்டு இருந்தாள். எண்பதுகளின் நடுவில், ஒரு காலையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். அன்று லொறி கேட்க, அரசாங்கம் அனுப்பியிருந்த பெரியதுரையின் கதவை ஓடிப்போய்த் தட்டினேன். லொறி பத்து நிமிடத்தில் வந்தது. அது அவளுக்குப் பயன்படவில்லை.

இப்போது பதுளையில் ஒரு கடைக்கு மேலே தனி அறையில் இருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் கேள்வி கேட்டால் உடனே பதில் வருவதில்லை. நாக்கு கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் அசைகிறது. மறதியா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன்.

இரவில் தூங்கிவிடுகிறேன். பகலில் படுப்பதில்லை. ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கீழே ரோட்டில் லொறிகள் கியர் மாற்றிக்கொண்டு மேடேறும். என் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, அடிக்கடி எழ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் லொறிச் சத்தம் கேட்டால் உடம்பு எழுந்துவிடுகிறது. அது வளைவைக் கடந்து போகும்வரை நிற்கிறேன்.