மெல்போர்னிலிருந்து மூன்று பல்

வெளிநாட்டிலிருந்து பல் வைத்தியத்துக்கு வருகிறவர்களின் வாயையும் அவர்களுடைய விமான டிக்கெட்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் என் உத்தியோகம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஆ' என்றே பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் அந்த வேதனையை நான் விவரிக்கவேண்டியதில்லை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விமானத்தில் வந்த வாய்

ஸ்ரீதருக்கு ஐம்பத்திரண்டு வயது, மெல்போர்னில் வேலை. கீழ்த்தாடையில் மூன்று பற்கள் போய்விட்டன. அங்கே செய்துகொள்வதைவிட இங்கே மலிவு, மயிலாப்பூரில் தனியாக இருக்கும் அம்மாவையும் பார்த்ததாக ஆகும் என்று பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தார். அம்மாவைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது என்று படிவம் நிரப்பும்போது சொன்னார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எங்கள் நோயாளிகளை ஏற்றி இறக்குவது சைதாப்பேட்டை ஏழுமலையின் ஆட்டோ. ஸ்ரீதரை வாசலில் விட்டுவிட்டு ஏழுமலை என் மேஜைக்கு வந்து சொன்னார்: "இன்னா சார் இது, பல்லு கட்டிக்கிறதுக்கு பிளேன்ல வந்துகினு கீறாங்கோ. எங்கூட்டு தெரு முனைலயே டாக்டர் கீறாரு, அங்க போவ சொன்னா எம் பொண்டாட்டி மூணு மாசமா கிராம்ப கடிச்சிகினு கீறா."

குளிகை

ராகுகாலம், எமகண்டம் தவிர்த்து நேரம் கேட்கிறவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. என் மேஜைமேல் தினசரி காலண்டர் எப்போதும் இருக்கும். ஸ்ரீதரின் தாடையில் செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகாணி பதிக்க நாங்கள் குறித்தது புதன்கிழமை காலை ஒன்பது மணி. அவருடைய அம்மா ஜானகி மாமி போன் செய்து, பத்தரைக்குமேல் பன்னிரண்டுக்குள் வேண்டும் என்றார்.

காலண்டரைப் பார்த்தேன். அது குளிகை நேரம். குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். நகை வாங்க அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. வாயில் ஊசி போட்டுக்கொள்ள அந்த நேரத்தைக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. தப்பாகப் பார்த்துவிட்டாரோ என்று நினைத்து, "மாமி, அது குளிகையாச்சே" என்றேன்.

"தெரியும் சார். அதுக்குத்தான் கேக்கறேன்."

மூன்றும் ஒரே நாளில்

திருகாணி எலும்போடு சேர நான்கு மாதம் ஆகும், அதன்பிறகு வந்து பல்லைப் பொருத்திக்கொள்ளவேண்டும் என்று டாக்டர் வசுமதி சொல்லி அனுப்பினார். ஸ்ரீதர் மெல்போர்னுக்குத் திரும்பிய மறுவாரம் மாமி நேரிலேயே வந்தார். நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்: "மூணுத்தையும் ஒரே நாள்ல பொருத்தணுமா டாக்டர்? நாலு மாசத்துக்கு ஒண்ணா வெச்சுண்டா அவனுக்கும் சிரமம் இருக்காது."

மாமி யாருக்காகக் கேட்கிறார் என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இது பல்லு மாமி. வருஷத்துக்கு ஒரு பொம்மையா வாங்கி வைக்க இது கொலு இல்லை."

எட்டு நாள்

இரண்டாவது முறை ஸ்ரீதர் எட்டு நாள் விடுப்பில் வந்தார். அளவெடுத்து, செய்து, பொருத்த ஆறு நாள் போதும் என்று என்னிடம் தெரிந்துகொண்டார். மாமி வராந்தாவில் எங்கள் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்ரீதர் கேட்டார்: "அப்ப ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பிடலாமா சார்? டிக்கெட்டை மாத்திடறேன்."

பரிசோதனை

ஆறாம் நாள் பற்கள் சரியாகப் பொருந்தின. டாக்டர் திருப்தியோடு சொன்னார்: "இனிமே இதுக்காக இவ்வளவு தூரம் வரவேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கேயே காட்டினா போதும்."

மாமி எழுந்தார். கைப்பையை மகனின் மடியில் வைத்துவிட்டு, அவர் இறங்கிய நாற்காலியில் தாமே ஏறி உட்கார்ந்தார். "வந்ததுதான் வந்தேன், என் வாயையும் பாத்துடுங்கோ." எழுபது தாண்டியவர்களுக்குப் பல் பிடுங்கினால் வீட்டு மனிதர் ஒருவர் மூன்று நாளாவது கூட இருக்கவேண்டும் என்பது எங்கள் விதி. பலகையில் முதல் வரியே அதுதான்.

டாக்டர் விளக்கை இழுத்துப் பத்து நிமிடம் பார்த்தார். எழுபத்தொன்பது வயதில் ஒரு சொத்தை இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. பாராட்டினார். டிக்கெட்டை மாற்றத் திறந்துவைத்திருந்த போனை ஸ்ரீதர் மடியில் கவிழ்த்தார். மாமி மட்டும் வாயை மூடவில்லை. விளக்கைத் தாமே கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தரம் நன்னா பாருங்கோ டாக்டர். பிடுங்கறாப்ல ஒண்ணாவது இருக்கும்."

கெட்ட பல்லோடு உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் எங்களிடம் வைத்தியம் உண்டு, நல்ல பல்லோடு நாலு தெரு தள்ளி இருந்து வருகிறவர்களுக்குத்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.