நமஸ்தேயில் ஒரு ‘உனக்கு’

யோகா சொல்லிக்கொடுக்கும் வேலையில் உடம்பை வளைக்கக்கூடப் பழக்கிவிடலாம், வகுப்பு முடிவில் சொல்லும் நமஸ்தேக்கு விளக்கம் சொல்வதற்குள்தான் நாக்கு தள்ளிவிடுகிறது. என்னைப்போலப் பாயை விரித்துவைத்து ஆள் வரக் காத்திருக்கும் சக ஆசிரியர்களே, நெய்யூர்ப் பக்கத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மரியாதைக் குறைவு

முதல் நாள் வகுப்பு. பயிற்சியில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். “‘நமஹ’ என்றால் வணக்கம், ‘தே’ என்றால் உனக்கு. நமஸ்தே என்றால் உனக்கு வணக்கம்.” முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் முகம் சுண்டிப்போனது. எனக்கு வயது முப்பத்திரண்டு, அவருக்கு எழுபதுக்கு மேல். சமஸ்கிருதத்தில் சாமியைக்கூட இப்படி ‘உனக்கு’ என்றுதான் கும்பிடுவார்கள் என்று சமாளித்துப் பார்த்தேன்.

“சாமி பொறுத்துக்கிடும் டீச்சர். நான் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டராக்கும்!”

கை கூப்பாத அக்கா

எஸ்தர் அக்காவுக்கு வலது தோள் இறுகி, கை காதுக்கு மேலே எழும்பாது. தலை சீவிவிட மகள் வேண்டும். அந்த மகளோ இரண்டு மாதத்தில் வேலைக்குத் துபாய் போகிறாள். டாக்டர் சொல்லித்தான் அக்கா வகுப்புக்கு வந்தார். கையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. நமஸ்தே சொல்லும்போது மட்டும் கை கூப்பாமல் தலையைக் குனிந்துகொள்வார்.

திடீரென்று ஒரு வாரம் வரவில்லை. விட்டால் தோள் பழையபடி இறுகிவிடுமே என்று பதறி வீட்டுக்கே போனேன். “சபையில ஒருத்தி, அது மந்திரம்ணு சொல்லிட்டா மக்கா. அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல” என்றார். மந்திரமெல்லாம் இல்லை, வெறும் வணக்கம்தான், நீங்கள் சபையில் சொல்லும் ஸ்தோத்திரத்தையே இங்கேயும் சொல்லுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் சமஸ்கிருதச் சொல்தான் என்று உளறிவிட்டேன். காரியம் கெட்டது என்று நான் எழுந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கேட்டியா எஸ்தர், நாப்பது வருசமா நீ சர்ச்சுல சமஸ்கிருதம்லா பேசிட்டிருக்க! எழும்பி கிளாசுக்குப் போ.”

கோணல் கொண்டை

இப்போது வகுப்பு முடிந்தால் ஒரே கலகலப்பு. எஸ்தர் அக்கா ‘ஸ்தோத்திரம்’ என்பார். அய்யாவழிச் சமயத்தைச் சேர்ந்த மளிகைக்கடை அண்ணன் அவர்கள் வணக்கமான ‘அய்யா உண்டு’ என்பார். யாருக்கு முதலில் பதில் சொல்வதென்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவைப்பேன்.

மகள் விமானம் ஏறிய மறுநாள் எஸ்தர் அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். வகிடு கோணியிருந்தது, கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வேலைக்கு வந்ததற்காக அன்றைக்கு மனதார நன்றி சொன்னேன். கொண்டையைச் சரிசெய்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா சட்டென்று விலகிக்கொண்டார்.

“தொடாத மக்கா. இது நானே கெட்டுனது.”

வந்தவர்களுக்கு எடை குறைந்ததோ இல்லையோ, இத்தனை பேரைக் கும்பிட்டுக் கும்பிட்டு என் தலைக்கனம் நன்றாகவே குறைந்திருக்கிறது.